இறையாண்மை யாரிடம் இருக்கிறது? முல்லைப் பெரியாறு கற்றுத் தரும் பாடம்

ஜூன் மாதம் நெருங்கினால் கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: "அணையில் எத்தனை அடி நிற்கிறது?" போதிய தண்ணீர் இருந்தால் ஜூன் 1 அன்று முதல் போகத்துக்கு மதகு திறக்கும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனப் பள்ளத்தாக்கு நெடுக 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. பல ஊர்களுக்குக் குடிநீரும் இதுவே. வைகை அணையைத் தாண்டி மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் வரை இதன் பயன் நீள்கிறது.

ஆனால் அந்த அணை தேனி மாவட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டிலேயே இல்லை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. நிலம் கேரளத்துடையது. அணையை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாட்டின் நீர்வளத் துறை. அணைக்குக் காவல் கேரளக் காவல்துறை. எத்தனை அடி தேக்கலாம் என்பதை முடிவு செய்ததோ டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றம்.

அப்படியானால் அந்த அணையின் மீது யாருக்கு இறையாண்மை? நமது ஊர்த் தேநீர்க் கடைகளில் இந்தக் கேள்வி வேறு சொற்களில் பலமுறை எழுந்திருக்கிறது. 'இறையாண்மை' என்ற சொல்லை மேடைகளிலும் செய்திகளிலும் அன்றாடம் கேட்கிறோம். அதன் பொருள் என்ன, இன்றைய அரசில் அது எங்கே இருக்கிறது என்பதை, நம் வயலுக்கு வரும் தண்ணீரை வைத்தே இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

சொல்லும் பொருளும்

'இறை' என்ற சொல்லுக்குத் தமிழில் கடவுள் என்றும் பொருள் உண்டு, அரசன் என்றும் பொருள் உண்டு. திருக்குறளில் அரசனின் தகுதிகளைப் பேசும் அதிகாரத்தின் பெயர் 'இறைமாட்சி'. 'ஆண்மை' என்பது ஆளும் தன்மை. ஆக, அரசனுக்குரிய ஆளும் தன்மையே இறையாண்மை. இலங்கைத் தமிழர்கள் இதையே 'இறைமை' என்று சுருக்கமாக வழங்குகிறார்கள்.

இறைவன் என்றதும் படைத்தவனையே நினைக்கும் நமக்கு, ஓர் அரசுக்கு 'இறையாண்மை' உண்டு என்று சொல்வது முதலில் நெருடலாக இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு தளங்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். அரசியல் நூல்கள் கேட்பது, மனிதர்கள் அமைத்துக்கொண்ட அமைப்புகளுக்குள் கடைசி முடிவு யாருடையது என்பதை மட்டுமே.

ஐரோப்பாவில் இந்தக் கருத்துக்கு வடிவம் கொடுத்தவர் பிரெஞ்சு நாட்டுச் சட்ட அறிஞர் ழான் போதேன். 1576 இல் வெளிவந்த தமது நூலில், ஒரு நாட்டுக்குள் எவருக்கும் கட்டுப்படாமல் சட்டம் இயற்றும் நிலையான அதிகாரமே இறையாண்மை என்று அவர் விளக்கினார். அந்த அதிகாரமும் இறைச் சட்டத்துக்கும் தான் செய்த ஒப்பந்தங்களுக்கும் கட்டுப்பட்டது என்றே அவரும் கருதினார். 1651 இல் இங்கிலாந்தின் தாமஸ் ஹாப்ஸ், உள்நாட்டுப் போரைத் தவிர்க்க மக்கள் எல்லோரும் ஒரே அதிகாரத்துக்குப் பணிய வேண்டும் என்று வாதிட்டார். 1762 இல் ரூசோ, அந்த அதிகாரம் மன்னனுடையது அல்ல, மக்களுடையதே என்றார்.

இந்த அதிகாரத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று உள்முகம்: நாட்டுக்குள் கடைசி முடிவு எடுப்பவர் யார்? இன்னொன்று வெளிமுகம்: இந்த நாடு வேறொரு நாட்டுக்குக் கட்டுப்படாதது என்பதைப் பிற நாடுகள் ஏற்கின்றனவா? 1945 இல் உருவான ஐக்கிய நாடுகள் சாசனம், எல்லா உறுப்பு நாடுகளும் இறையாண்மையில் சமம் என்ற அடிப்படையில் அமைந்தது இந்த வெளிமுகத்தைக் குறித்துத்தான்.

1886: குத்தகை கொடுத்த மன்னர்

முல்லைப் பெரியாற்றுக்கு வருவோம். மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்புவது சென்னை மாகாண அரசின் நெடுநாள் திட்டம். 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு அது வேகம் பெற்றது. அணை கட்ட வேண்டிய இடமோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1886 அக்டோபர் 29 அன்று குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. மகாராஜாவின் சார்பில் திவான் வி. ராமய்யங்காரும், லண்டனில் இருந்த இந்திய மந்திரியின் சார்பில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹானிங்டனும் கையெழுத்திட்டனர்.

நீர் தேங்கும் 8,000 ஏக்கரும், பணிகளுக்காக மேலும் 100 ஏக்கரும் குத்தகைக்கு விடப்பட்டன. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். 1886 ஜனவரி 1 முதல் 999 ஆண்டுகள் குத்தகைக் காலம். பென்னிகுயிக்கின் தலைமையில் கட்டப்பட்ட அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நிலம் கொடுத்த மகாராஜா இறையாண்மை உடையவரா? பெயரளவில் ஆம். அவருக்குத் தனிக் கொடி, தனி நாணயம், தனிச் சட்டம், தனி நீதிமன்றம் எல்லாம் இருந்தன. ஆனால் 1805 ஒப்பந்தப்படி திருவிதாங்கூர் ஆண்டுதோறும் பிரிட்டிஷாருக்குக் கப்பம் கட்டி வந்தது. வெளியுறவும் பாதுகாப்பும் பிரிட்டிஷார் கையில் இருந்தன. மன்னர்களுக்கு மேலே பிரிட்டிஷ் முடியரசு இருந்தது. அந்த மேலாண்மையின் எல்லை எது என்று ஆங்கிலேயர்கள் ஒருபோதும் தெளிவாக வரையறுத்துச் சொன்னதில்லை. அதனால்தான் மகாராஜா மனம் ஒப்பிக் கொடுத்தாரா, அழுத்தத்தில் கொடுத்தாரா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

என்றாலும், எழுதிய ஒப்பந்தம் பலவானையும் கட்டியது. அந்தத் தண்ணீரைக் கொண்டு மின்சாரம் எடுக்க சென்னை அரசு முயன்றபோது திருவிதாங்கூர் எதிர்த்தது. வழக்கு நடுவர்களிடம் போனது. பாசனத்துக்கு மட்டுமே தண்ணீரைப் பயன்படுத்தலாம், மின்சாரத்துக்கு இந்தக் குத்தகையில் உரிமை இல்லை என்று 1941 இல் தீர்ப்பானது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த சென்னை அரசு, ஒரு சமஸ்தானத்திடம் தோற்றது. சொந்தம் வேறு, அனுபோகம் வேறு, அனுபோகத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பது குத்தகை நிலம் உழுத எவருக்கும் தெரிந்த நியாயம்தான்.

1947: ஆட்சி மாறினால் ஒப்பந்தம் சாகுமா?

1947 ஜூனில் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர், பிரிட்டிஷார் வெளியேறியதும் தங்கள் சமஸ்தானம் தனி நாடாகும் என்று அறிவித்தார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூலை 25 அன்று அவர் மீது கொலை முயற்சி நடந்தது. அடுத்த சில நாட்களில் மகாராஜா இந்தியாவுடன் இணையச் சம்மதித்தார். அந்தச் சில வாரங்கள் வேறு திசையில் போயிருந்தால், கூடலூருக்கு வரும் தண்ணீர் இன்று ஒரு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருக்கும்.

இந்திய சுதந்திரச் சட்டத்தின் 7 ஆவது பிரிவு, சமஸ்தானங்கள் மீது பிரிட்டிஷ் முடியரசுக்கு இருந்த மேலாண்மை முடிவுக்கு வருகிறது என்றது. அத்தோடு அந்த மன்னர்களுடன் செய்த உடன்படிக்கைகளும் காலாவதியாகும் என்றது. இதை வைத்துக் கேரளம் பிற்காலத்தில் வாதிட்டது: கையெழுத்திட்ட மன்னரும் இல்லை, முடியரசும் இல்லை, ஆகவே 1886 ஒப்பந்தமும் இல்லை.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்த வாதத்தை ஏற்கவில்லை. 1886 இல் கையெழுத்தானது இரு இறையாண்மைகளுக்கு இடையிலான அரசியல் உடன்படிக்கை அன்று, ஒரு சாதாரண குத்தகைப் பத்திரம், அது மேலாண்மையோடு மறைந்துவிடாது என்றது. 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 108 ஆவது பிரிவு அதைத் தொடரச் செய்தது என்றும் கூறியது.

அதற்கு முன்பே இரு மாநிலங்களும் அந்தக் குத்தகையை ஏற்று நடந்திருந்தன. அச்சுத மேனன் கேரளத்திலும் கலைஞர் கருணாநிதி தமிழ்நாட்டிலும் முதல்வர்களாக இருந்த 1970 மே 29 அன்று இரண்டு துணை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. தமிழ்நாடு தனிக் கட்டணம் செலுத்தி மின்சாரம் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குச் சட்டபூர்வமான அடித்தளம் அந்த ஒப்பந்தமே. 1941 இல் வழக்காடிப் பெற முடியாததை 1970 இல் பேசிப் பெற்றார்கள்.

மக்களாட்சியில் மாநிலத்தின் இடம்

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் முகப்புரை 'இந்திய மக்களாகிய நாம்' என்றே தொடங்குகிறது. அந்த வரிகள் எளிதில் முடிவாகவில்லை. 1949 அக்டோபர் 17 அன்று, கடவுளின் பெயரால் என்று தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொண்டு வந்தார். ஆதரவாக 41 வாக்குகள், எதிராக 68 வாக்குகள் விழுந்து அது தோற்றது. அதே ஆண்டு மார்ச்சில் பாகிஸ்தான் நிறைவேற்றிய குறிக்கோள் தீர்மானம், இறையாண்மை அல்லாஹ்வுக்கே உரியது என்றும், மக்கள் வழியாக அரசு செலுத்தும் அதிகாரம் அமானிதம் என்றும் கூறியது. இந்தியா மக்களையே ஊற்றுக்கண்ணாக வைத்தது. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் உள்ளிட்ட முஸ்லிம் உறுப்பினர்களும் அமர்ந்து விவாதித்த அவை அது.

மக்களிடம் இருக்கும் அந்த இறையாண்மையில் மாநிலங்களுக்குத் தனிப் பங்கு உண்டா? நிலக்கரி நிலங்களை ஒன்றிய அரசு கையகப்படுத்துவதை எதிர்த்து மேற்கு வங்கம் வழக்குத் தொடர்ந்தது. மாநிலங்கள் தனி இறையாண்மை உடையவை அல்ல என்று 1962 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில எல்லைகளை மாற்றும் அதிகாரமும் 3 ஆவது உறுப்பின்படி நாடாளுமன்றத்திடமே இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்ததும், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றதும் அந்த அதிகாரத்தின்படிதான். பெரியாறு அணை வேறு மாநிலத்தில் அமைந்துபோன கதையும் அதுவே.

அடுத்த ஆண்டு 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று வேட்பாளர்களும் உறுப்பினர்களும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற விதி 1963 இல் சேர்ந்தது. அறிஞர் அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டதும் அந்தக் காலத்தில்தான். அதன் பிறகு தமிழ்நாட்டின் அரசியல், பிரிவினையை விட்டு மாநில சுயாட்சி என்ற பாதையில் நடந்தது. தனி இறையாண்மை இல்லை என்பதால் மாநிலம் வெறும் கிளை அலுவலகம் ஆகிவிடாது. வேளாண்மை, காவல், நிலம் போன்றவற்றில் சட்டம் இயற்றும் உரிமையை அதற்குக் கொடுத்தது அரசியலமைப்புச் சட்டமே, டெல்லி அரசின் கருணை அல்ல.

136 அடியா, 142 அடியா?

1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பியில் மச்சு அணை உடைந்து பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. கேரளத்தில் அச்சம் பரவியது. மத்திய நீர்வள ஆணையம் தலையிட்டதில், பலப்படுத்தும் பணிகள் முடியும் வரை பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைப்பது என்று முடிவானது. முழுக் கொள்ளளவோ 152 அடி. பணிகள் நடந்தன, ஆனால் மட்டம் உயரவில்லை.

2006 பிப்ரவரி 27 அன்று 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில வாரங்களுக்குள் கேரள சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. ஆபத்தான அணைகளின் பட்டியலில் முல்லைப் பெரியாற்றைச் சேர்த்து, 136 அடிக்கு மேல் தேக்கத் தடை விதித்தது. தமிழ்நாடு மீண்டும் உச்ச நீதிமன்றம் சென்றது.

இறையாண்மை பற்றிய கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம், தன் மண்ணில் உள்ள அணையைப் பற்றி, தன் மக்களின் உயிரைக் காக்க என்று சொல்லிச் சட்டம் இயற்றுகிறது. அதைத் தடுக்க நீதிமன்றத்துக்கு உரிமை உண்டா?

2014 தீர்ப்பு அந்தச் சட்டம் செல்லாது என்றது. சட்டமன்றம் சட்டத்தை மாற்றலாம். ஆனால் இரு தரப்பையும் கேட்டு, நிபுணர்களின் கருத்தை ஆய்ந்து, அணை பாதுகாப்பானது என்று நீதிமன்றம் கண்டறிந்த உண்மையை ஒரு சட்டத்தால் இல்லை என்று ஆக்க முடியாது. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே தன் வழக்குக்குத் தீர்ப்பும் எழுதிக்கொள்ள முடியாது. அதே ஆண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது.

இந்தத் தீர்ப்பால் தமிழ்நாட்டுக்கு முழு அதிகாரம் கிடைத்துவிட்டதா? அதுவும் இல்லை. நீதிமன்றம் அமைத்த மேற்பார்வைக் குழுவில் இரு மாநிலங்களும் இடம்பெற்றன. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தின்போது மட்டத்தைத் தற்காலிகமாக 139 அடியில் வைக்கும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. பேபி அணைப் பகுதியில் 15 மரங்களை வெட்டக் கேரளம் கொடுத்த அனுமதி 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது, பலப்படுத்தும் பணி நின்றது. அணை குத்தகைதாரருடையது என்றாலும் மரம் நில உரிமையாளருடையது. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டமோ, ஒரு மாநிலத்துக்குச் சொந்தமான அணை வேறு மாநிலத்தில் இருந்தால் அதன் பாதுகாப்பைத் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்திடம் ஒப்படைக்கிறது.

நாடாளுமன்றத்துக்கும் எல்லை உண்டு. கேரளத்தின் காசர்கோடு பகுதியில் உள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்று 1973 இல் தீர்ப்பானது. போதேனும் ஹாப்ஸும் தேடிய, ஒரே இடத்தில் குவிந்த அதிகாரம் இந்திய அரசமைப்பில் எங்கும் இல்லை. மக்களின் பெயரால் அது பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பங்குக்கும் வேலி போடப்பட்டிருக்கிறது.

கடைசிச் சொல்லும் கொடுத்த சொல்லும்

வண்டிப்பெரியாறிலும் வல்லக்கடவிலும் அணைக்குக் கீழே வசிப்பவர்களின் அச்சத்தை நாம் கேலி செய்ய முடியாது. மழை கொட்டும் இரவில் 1895 இல் கட்டிய அணைக்குக் கீழே படுத்துறங்குபவர் நாமாக இருந்தால் நமக்கும் அந்த அச்சம் வரும். அதுபோல, மதகு திறக்காவிட்டால் நாற்றங்காலைப் பார்த்துக் கலங்கும் கூடலூர் விவசாயியின் தவிப்பும் பொய்யில்லை. 2011 டிசம்பரில் இந்த இரண்டு அச்சங்களும் மோதிக்கொண்டபோது குமுளிப் பாதை அடைபட்டது. அன்றாடம் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் நமது பகுதிப் பெண்களும், எல்லையின் இருபுறமும் கடை வைத்திருந்தவர்களும்தான் முதலில் துன்பப்பட்டார்கள். எங்கள் மண், எங்கள் உரிமை என்று இருபுறமும் முழங்கியவர்களுக்கு அந்த வாரக் கூலி இழப்பு தெரிந்திருக்காது.

ஹுதைபிய்யா உடன்படிக்கையை நாம் அறிவோம். அதன் நிபந்தனைகள் முஸ்லிம்களுக்குக் கசப்பாக இருந்தன. உடன்படிக்கை எழுதப்படும் நேரத்திலேயே விலங்குகளோடு தப்பி வந்த அபூ ஜந்தலைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தபோதும் நபி (ஸல்) அவர்கள் கொடுத்த வாக்கை மீறவில்லை. அதிகாரம் உள்ளவரையும் அவர் கொடுத்த சொல் கட்டும் என்பதற்கு நமக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி தேவையில்லை.

இறையாண்மை என்பது எவருக்கும் பதில் சொல்லாமல் நடக்கும் உரிமை என்றால், முல்லைப் பெரியாற்றில் அது யாரிடமும் இல்லை. கேரளத்திடம் இல்லை, தமிழ்நாட்டிடம் இல்லை, டெல்லியிடமும் இல்லை. மக்களின் பெயரால் கடைசி முடிவு எடுக்கும் பொறுப்பு என்றால், அந்த மக்களில் கூடலூர் விவசாயியும் உண்டு, வண்டிப்பெரியாறு தோட்டத் தொழிலாளியும் உண்டு. இருவரும் ஒரே அரசியலமைப்பின் குடிமக்கள். 1970 இல் இரண்டு முதல்வர்களால் பேசி முடிக்க முடிந்தது. அணையின் வலிமையை இருவரும் நம்பும் வல்லுநர்கள் சோதித்து, முடிவை இரு மொழியிலும் மக்கள் முன் வைத்தால், இன்றும் அது முடியாத காரியம் அல்ல.